வால் பெயரும் முன்னெழுத்தும்: ஒரு ஃபைலை எதில் திறப்பது என்று கணினிக்கு எப்படித் தெரிகிறது?

விந்திய மலையைத் தாண்டி வந்து குடியேறிய தமிழர்கள் எல்லோரும் ஒருமுறையாவது முட்டிக்கொள்கிற இடம், விண்ணப்பப் படிவத்தில் இருக்கும் 'சர்நேம்' கட்டம். நமக்கு அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும். இங்கே இருப்பவர்களுக்கோ குடும்பம், ஊர், பூர்வீகம் எல்லாம் பெயரின் வாலில் தொங்கும். வால் இல்லாத பெயரைப் பார்த்ததும் கவுன்ட்டரில் இருப்பவர் நிமிர்ந்து பார்த்து, "ஆகே க்யா ஹை?" என்பார். ஆகே ஒன்றும் இல்லை சார், எல்லாம் பீச்சே தான் :-)

கணினிக்குள்ளும் ஐம்பது வருஷத்துக்கு மேலாக இதே வழக்கு நடக்கிறது. ஒரு ஃபைல் கடிதமா, படமா, பாட்டா, இல்லை ஓடக்கூடிய புரோகிராமா? இதைப் பெயரின் வாலைப் பார்த்து முடிவு செய்வதா, உள்ளே முதல் வரியில் எழுதியிருப்பதைப் பார்த்து முடிவு செய்வதா? வீட்டில் பிள்ளைகள் டபுள் கிளிக் செய்கிறார்கள், படம் திறக்கிறது, யாரும் யோசிப்பதில்லை. என்னைப் போல நாள் முழுக்கக் கருப்புத் திரையில் கட்டளை தட்டி ஆணி பிடுங்குகிறவர்களுக்கு இது தினசரிப் பிரச்சினை. இதன் கதையை ஒரு தடவை வரிசையாக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கடைசியில் நம் எல்லோர் வீட்டுக்கும் வேண்டிய ஒரு விஷயமும் இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வால் ஏன் மூன்றெழுத்து?

1960களில் டெக் கம்பெனி பிடிபி-6, பிடிபி-10 என்று பெரிய கணினிகளை விற்றது. அவற்றில் ஒரு 'வேர்டு' என்பது 36 பிட். ஓர் எழுத்துக்கு 6 பிட் என்று வைத்தால் ஒரு வேர்டில் சரியாக 6 எழுத்து அடங்கும். அதனால் ஃபைல் பெயர் 6 எழுத்து. அடுத்த வேர்டில் பாதியை, அதாவது 18 பிட்டை, வகையைக் குறிக்க ஒதுக்கினார்கள். அதில் 3 எழுத்து அடங்கியது. இன்றுவரை நாம் பார்க்கும் மூன்றெழுத்து வாலுக்குப் பின்னால் இருப்பது இந்த இடக்கணக்குதான்.

டெக் கணினிகளில் பழகிய கேரி கில்டால் 1974-ல் சிறிய கணினிகளுக்காக சிபி/எம் எழுதினார். பெயரை 8 எழுத்தாக நீட்டினார், வாலை 3 எழுத்தாகவே விட்டார். 1980-ல் டிம் பேட்டர்சன் அதே சாயலில் 86-டாஸ் எழுத, மைக்ரோசாஃப்ட் அதை வாங்கி 1981-ல் ஐபிஎம் பிசியோடு வெளியிட்டது. டாஸ் காலத்தில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். பெயரை மட்டும் தட்டினால் போதும். அது முதலில் 'டாட் காம்' வால் உள்ளதைத் தேடும், இல்லையென்றால் 'டாட் இஎக்ஸ்இ', அதுவும் இல்லையென்றால் 'டாட் பேட்'.

இந்த வரிசையை வைத்தே வைரஸ் எழுதினார்கள். உங்கள் டைரக்டரியில் ஒரு புரோகிராம் 'இஎக்ஸ்இ' வாலோடு இருக்கிறது என்று வையுங்கள். வைரஸ் அதைத் தொடவே தொடாது. அதே பெயரில், 'காம்' வாலோடு தன்னைப் பக்கத்தில் வைத்துவிடும். நீங்கள் வழக்கம்போலப் பெயரைத் தட்டினால் முதலில் ஓடுவது வைரஸ். பிறகு சந்தேகம் வராதபடி அதுவே நிஜப் புரோகிராமையும் ஓட்டிவிடும். கூட்டாளி வைரஸ் என்று இவற்றுக்குப் பெயர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஃபைலைக் கண்டுபிடிக்க வாலைப் பார்த்த டாஸ், ஓட்டும்போது வாலை நம்பவில்லை. உள்ளே முதல் இரண்டு எழுத்து 'எம்', 'இசட்' என்று இருந்தால், வால் 'காம்' என்று சொன்னாலும் அதை இஎக்ஸ்இ ஆகவே நடத்தியது. அந்த வடிவத்தை வகுத்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரின் முதலெழுத்துகள் அவை. இன்றைய விண்டோஸ் புரோகிராம்களும் அதே இரண்டெழுத்தோடுதான் தொடங்குகின்றன. வாலை வைத்துப் பிழைத்த கட்சியும் உள்ளே முன்னெழுத்து வைத்திருந்தது.

யூனிக்ஸின் முன்னெழுத்து

பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-ல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸில் புள்ளி என்பது பெயரில் வரும் இன்னோர் எழுத்து, அவ்வளவுதான். வாலுக்குத் தனி மரியாதை கிடையாது. ஒரு ஃபைலை ஓட்டலாமா என்பதை அதன் அனுமதி பிட் சொல்லும். எப்படி ஓட்டுவது என்பதை உள்ளே இருக்கும் முதல் எண் சொல்லும்.

அந்த எண்ணுக்கு 'மேஜிக் நம்பர்' என்று பெயர். பிடிபி-11 கணினியில் அது எட்டடிமான எண்ணில் 0407. ஏன் அந்த எண்? அது அந்தக் கணினியின் ஓர் ஆணை. "ஏழு வேர்டு தாண்டிப் போ" என்று அர்த்தம். ஃபைலின் தலைப்பகுதி மொத்தம் எட்டு வேர்டு. ஆக, ஃபைலை அப்படியே ஏற்றி முதல் வேர்டிலிருந்து ஓட்டினாலும், அந்த ஆணையே தலைப்பகுதியைத் தாண்டி நிஜப் புரோகிராமில் கொண்டுபோய் விட்டுவிடும். முதலில் வழிகாட்டியாக இருந்தது பிறகு அடையாளமாகவும் ஆனது.

இப்படி உள்ளே பார்த்து வகை சொல்வதற்கென்றே 1973-ல், யூனிக்ஸின் நான்காம் பதிப்பில், 'ஃபைல்' என்ற கட்டளை வந்தது. இன்று லினக்ஸிலும் மேக்கிலும் இருப்பது, இயன் டார்வின் 1986-87-ல் முதலிலிருந்து புதிதாக எழுதியதன் வழி வந்தது.

சரி, கருவி மொழியில் உள்ள புரோகிராமுக்கு எண் வைத்தாயிற்று. மனிதர் எழுதும் ஸ்கிரிப்டுக்கு? ஆரம்பத்தில், ஷெல் ஒரு ஃபைலை ஓட்டிப் பார்க்கும். கெர்னல் "இது எனக்குப் புரியவில்லை" என்று திருப்பி அனுப்பினால், "அப்படியானால் இது நம்ம ஆள்தான்" என்று ஷெல்லே வரிவரியாகப் படிக்கும். ஒரே ஷெல் இருந்தவரை வண்டி ஓடியது. 1970களின் கடைசியில் பெர்க்லியில் பில் ஜாய் 'சி ஷெல்' எழுதியதும் குழப்பம் வந்தது. இந்த ஸ்கிரிப்ட் எந்த ஷெல்லுக்கு? முதல் எழுத்து '#' என்றால் எனக்கு, இல்லாவிட்டால் பழைய ஷெல்லுக்கு என்று சி ஷெல் ஒரு கணக்கு வைத்துக்கொண்டது. ஒட்டுப்போட்ட ஏற்பாடுதான்.

1980 ஜனவரியில் ரிட்சி இதற்கு முடிவு கட்டினார். ஸ்கிரிப்டின் முதல் இரண்டு எழுத்து '#!' என்று இருந்தால், அந்த வரியில் மிச்சம் இருப்பது அதைப் படிக்கவேண்டிய புரோகிராமின் பெயர். ஷெல் அல்ல, கெர்னலே இதைப் பார்த்துக்கொள்ளும். '#' என்பது ஷெல்லுக்குக் குறிப்புரை என்பதால், படிக்கிற புரோகிராமுக்கும் இந்த வரி இடைஞ்சல் இல்லை. ஷெல்லோ, பெர்லோ, பைத்தானோ, பெயரில் வால் இல்லாமலே ஸ்கிரிப்ட் எழுதலாம். எந்த மொழியில் எழுதியது என்று கூப்பிடுகிறவருக்குத் தெரியவேண்டியதே இல்லை. அப்பா பெயர் முன்னால் நிற்கிற நம்ம ஊர் முறை இது :-)

லினக்ஸ் இதை இன்னும் நீட்டியது. 1997 வாக்கில் வந்த ஒரு கெர்னல் வசதியில், எந்த மேஜிக் நம்பருக்கு எந்தப் புரோகிராம் என்று நாமே பதிந்துகொள்ளலாம். ஜாவா ஃபைலையும் விண்டோஸ் இஎக்ஸ்இ ஃபைலையும் நேராகப் பெயர் தட்டி ஓட்டுவது இப்படித்தான். அதே பதிவேட்டில், மேஜிக்கை விட்டு வாலை வைத்துப் பதியவும் வழி உண்டு. சமரசம்!

மற்ற வீடுகளில்

கட்டளைத் திரையில் வெறும் ஃபைல் பெயரைத் தட்டினால் உரிய புரோகிராமில் திறக்கவேண்டும் என்ற ஆசை டாஸ் உலகில்தான் முதலில் நன்றாக நிறைவேறியது. 1986-ல் ஜான் சோகா எழுதிய நார்ட்டன் கமாண்டரில் இதற்கென்று ஒரு சின்னப் பட்டியல் ஃபைல் இருந்தது. இந்த வால் என்றால் இந்தக் கட்டளை என்று வரிக்கு ஒன்றாக எழுதலாம். 1989-ல் வந்த 4டாஸ் ஷெல் அதைக் கட்டளை வரிக்கே கொண்டுவந்தது. வாலையே ஒரு மாறியின் பெயராக வைத்து, அதன் மதிப்பாக எடிட்டரின் பெயரைக் கொடுத்தால் போதும். பிறகு கடிதத்தின் பெயரைத் தட்டி என்டர் அடித்தால் எடிட்டரில் திறக்கும். நார்ட்டன் யூட்டிலிட்டீஸோடு வந்த என்டாஸ் இதன் மறுபதிப்புதான்.

1984-ல் வந்த மெக்கின்டாஷ் வாலையும் வைக்கவில்லை, ஃபைலின் உள்ளேயும் பார்க்கவில்லை. ஒவ்வொரு ஃபைலோடும் நான்கெழுத்தில் 'வகை', நான்கெழுத்தில் 'ஆக்கியவர்' என்று இரண்டு சீட்டைத் தனியாக ஒட்டி வைத்தது. ஒரே வகைப் படம் இரண்டு இருந்தால்கூட, எது எந்தப் புரோகிராமில் உருவானதோ அதிலேயே திறக்கும். அருமையான ஏற்பாடு. ஆனால் ஃபைல் வேறு கணினிக்குப் போனால் சீட்டு வழியில் உதிர்ந்துவிடும். இணையம் பெருகப் பெருக இது தாங்கவில்லை. 2001-ல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸ் வாலை ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது. 2009-ல் வந்த பதிப்பு 'ஆக்கியவர்' சீட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டது.

மின்னஞ்சல்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். அனுப்புகிறவரே வகையை எழுதி அனுப்பட்டும் என்பது அவர்கள் வாதம். நதானியல் போரன்ஸ்டீனும் நெட் ஃப்ரீடும் 1992-ல் எழுதிய 'மைம்' தரம் அதுதான். ஒவ்வொரு இணைப்பின் மேலும் "படம், ஜிஃப் வகை" என்பதுபோல ஒரு சீட்டு. வாங்குகிறவர் பக்கம் 'மெயில்கேப்' என்ற ஒரு ஃபைல், இந்த வகைக்கு இந்தக் கட்டளை என்று. பார்சலில் "கண்ணாடிப் பொருள்" என்று எழுதுவது மாதிரிதான். எழுதியவர் நாணயமானவராக இருந்தால் சரி.

வால் சொன்ன பொய்

விண்டோஸ் வால் கட்சி. 1990களில் வந்த என்டி 4-ன் கட்டளைத் திரையில் 'அசாக்', 'எஃப்டைப்' என்று இரண்டு கட்டளைகள் இருந்தன. இன்றைய விண்டோஸிலும் இருக்கின்றன. முதலாவது, எந்த வாலுக்கு எந்த வகை. இரண்டாவது, எந்த வகைக்கு எந்தப் புரோகிராம். வேர்டு ஆவணத்தின் பெயரைக் கட்டளைத் திரையில் தட்டினாலே வேர்டு திறந்தது.

கூடவே ஒரு விபரீத முடிவையும் எடுத்திருந்தார்கள். தெரிந்த வகை என்றால் வாலை மறைத்துவிடு, பார்க்க அழகாக இருக்கும் என்று. வாலைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது கணினி. அந்த வாலை மனிதன் பார்க்கக்கூடாது!

2000 மே 4 அன்று பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பியது 'ஐ லவ் யூ' என்ற மின்னஞ்சல். இணைப்பாக ஒரு காதல் கடிதம். பெயரின் முடிவில் 'டாட் டிஎக்ஸ்டி' என்று தெரிந்தது. வெறும் எழுத்து ஃபைல், என்ன ஆகிவிடப்போகிறது என்று திறந்தார்கள். அதற்குப் பின்னால் மறைந்திருந்த நிஜ வால் 'டாட் விபிஎஸ்'. அதாவது, ஓடக்கூடிய ஸ்கிரிப்ட். அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தன்னை அனுப்பிக்கொண்டது. கணினியில் இருந்த ஜேபெக் படங்களை அழித்து, அந்த இடத்தில் தன் நகலை எழுதிவைத்தது.

அப்போது நான் பெங்களூரில் ஓர் ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். அந்த வாரம் மெயில் சர்வரை நிறுத்திவிட்டு, எங்கள் சிஸ்டம் ஆள் ஒவ்வொரு மேஜையாக வந்தார். அவர் செய்தது ஒரே ஒரு வரி. 'எஃப்டைப்' கட்டளையால் விபிஎஸ் வகையை நோட்பேடுக்கு மாற்றிவிட்டார். இனி யார் கிளிக் செய்தாலும் அந்த ஸ்கிரிப்ட் ஓடாது, எழுத்தாக மட்டும் திறக்கும். கடித்துக்கொண்டிருந்த நாயின் பல்லைப் பிடுங்கிய மாதிரி. ஒரு ஃபைலை எதில் திறப்பது என்பது வசதிக்கான விஷயம் மட்டும் அல்ல என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். ஆனால் பக்கத்து மேஜைக்காரர் ஸ்கேன் செய்து வைத்திருந்த குடும்பப் படங்கள் போனது போனதுதான்.

எழுதியவர் பிடிபட்டும், இந்தக் குற்றத்துக்குப் பொருந்தும் சட்டம் பிலிப்பைன்ஸில் அப்போது இல்லாததால் வழக்கு நிற்கவில்லை. அந்த ஜூனில்தான் அங்கே மின் வணிகச் சட்டம் வந்தது. வாலை மறைக்கும் பழக்கம் மட்டும் விண்டோஸ் 11 வரை தொடர்கிறது. ஊரில் உங்கள் அப்பா அம்மாவின் கணினிக்குப் போகும்போது, 'வியூ' மெனுவில் அதை மாற்றி வாலைத் தெரிய வைத்துவிட்டு வாருங்கள். இரண்டு நிமிஷ வேலை.

யூனிக்ஸுக்கும் வால் முளைத்தது

1990-ல் பிரின்ஸ்டனில் மாணவராக இருந்த பால் ஃபால்ஸ்டட் எழுதிய ஷெல் 'இசட்-ஷெல்'. 2004-ல் வந்த அதன் 4.2 பதிப்பில் 'சஃபிக்ஸ் அலையாஸ்', அதாவது வாலுக்கான மாற்றுப்பெயர் வந்தது. 'அலையாஸ்' கட்டளைக்கு 'எஸ்' என்ற ஆப்ஷன் கொடுத்து, வாலும் சமக்குறியும் புரோகிராம் பெயரும் எழுதவேண்டும். அதை ஷெல்லின் தொடக்க ஃபைலில் வைத்துவிட்டால் எப்போதும் இருக்கும். பிறகு பில்லின் பெயரைத் தட்டினால் பிடிஎஃப் திறக்கும், பாட்டின் பெயரைத் தட்டினால் பாடும். பழைய மெயில்கேப் பட்டியலைப் படித்து எல்லா வால்களையும் ஒரே மூச்சில் அமைக்கும் வசதியும் கூடவே வந்தது. 4டாஸில் 1989-ல் செய்தது யூனிக்ஸ் வீட்டுக்கு வந்துசேர 15 வருஷம் ஆயிற்று. 2019-லிருந்து மேக்கில் இயல்பான ஷெல் இதுதான் என்பதால், மேக் வைத்திருப்பவர்கள் இன்றே செய்து பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. இந்த மாற்றுப்பெயர் வெறும் எழுத்து மாற்றம். கட்டளை இடத்தில் அந்த வாலோடு ஒரு சொல் வந்தாலே, உள்ளே பார்க்காமல் முன்னால் புரோகிராம் பெயரைச் செருகிவிடும். பைத்தான் வாலை எடிட்டருக்குக் கொடுத்துவிட்டு, '#!' வரியும் அனுமதி பிட்டும் உள்ள ஒரு பைத்தான் ஸ்கிரிப்டைத் தட்டினால் அது ஓடாது, எடிட்டரில் திறக்கும். வால் முன்னெழுத்தை முந்திவிடுகிறது. அதனால் ஓட்டுகிற வகைகளுக்கு இதை வைக்காதீர்கள். பார்க்கிற, படிக்கிற வகைகளுக்கு மட்டும் வையுங்கள்.

லினக்ஸ் டெஸ்க்டாப்களுக்கு 2006-ல் 'எக்ஸ்டிஜி-ஓப்பன்' என்ற பொதுக் கட்டளை வந்தது. அது வால், உள்ளே உள்ள மேஜிக், மைம் பட்டியல் மூன்றையும் கலந்து பயன்படுத்துகிறது. மூன்று கட்சியும் ஒரே மந்திரிசபையில்.

நம் வீட்டு ஃபைல்கள்

இனி நம் விஷயம். 'டிஎக்ஸ்டி' என்ற வால் "உள்ளே எழுத்து இருக்கிறது" என்று சொல்லும். எந்த முறையில் எழுதிய எழுத்து என்று சொல்லாது. ஆங்கிலத்துக்கு இது பெரிய தொல்லை இல்லை. தமிழுக்கு இதுவே பெரிய தொல்லை. 1990களின் கடைசியிலும் 2000களிலும் திஸ்கி, 1999-ல் தமிழக அரசு அறிவித்த டேம், டேப், இவை போதாதென்று எழுத்துருவுக்கு ஒரு முறை என்று ஆளாளுக்கு எழுதினோம். ஒன்றில் 'க' என்று இருக்கும் பைட் இன்னொன்றில் வேறெதுவோ. வாலும் உதவாது, உள்ளே முன்னெழுத்தும் கிடையாது. 'ஃபைல்' கட்டளையிடம் கேட்டால் ஏதோ ஐரோப்பிய எழுத்து என்று சொல்லும்.

ஓய்வு பெற்றபின் என் அப்பா ஊரில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தமிழில் தட்டி அனுப்பிய கடிதங்கள் என்னிடம் பதினொன்று இருக்கின்றன. அனுப்பிவிட்டு ஃபோனில், "எழுத்து சரியா வந்துச்சாய்யா?" என்று கேட்பார். அந்த எழுத்துரு இருந்தவரை சரியாகத்தான் வந்தது. பல வருஷம் கழித்து வேறு கணினியில் திறந்தபோது எல்லாம் பிரெஞ்சுக்காரர் தும்மின மாதிரி இருந்தது. டேப் முறை என்று கண்டுபிடித்து மாற்றிய பிறகுதான், கொல்லையில் வாழை குலை தள்ளிய சேதி திரும்ப வந்தது.

யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம்பிடித்தது. தமிழக அரசு அதை ஏற்றது 2010-ல். அதைப் பைட்டாக எழுதும் யுடிஎஃப்-8 முறையை 1992-ல் வகுத்தவர், யூனிக்ஸைத் தொடங்கிய அதே கென் தாம்சன், ராப் பைக்கோடு சேர்ந்து. அந்த முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224. அடுத்தது 174 அல்லது 175. ஃபைலுக்கு ஒரு முன்னெழுத்து என்பது போய், எழுத்துக்கு எழுத்து முன்னெழுத்து. ஃபைலின் பெயர் மாறினாலும், வால் அறுந்தாலும், நடுவிலிருந்து ஒரு துண்டை மட்டும் எடுத்தாலும், இது தமிழ் என்று கணினியால் சொல்ல முடியும்.

ஆகவே, பரணில் கிடக்கும் பழைய சிடிகளையும் ஹார்டு டிஸ்குகளையும் இந்த விடுமுறையில் இறக்குங்கள். திஸ்கி என்றால் லினக்ஸில் 'ஐகான்வ்' கட்டளைக்கே மாற்றத் தெரியும். மற்றவற்றுக்குத் தமிழ் எழுத்துரு மாற்றிகளைத் தேடிப் பாருங்கள். மாற்றுவதற்கு முன் மூல ஃபைலின் நகல் ஒன்றை அப்படியே வையுங்கள். கூடவே எந்த ஊரில், எந்த வருஷம், எந்த எழுத்துருவில் தட்டியது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். அதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுவது நல்லது.